சாய்ந்த மரமும் நான் தேடிய கவுன்சிலரும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் கொட்டிய ஒரு காலையில், மந்தாரக்குப்பத்தை ஒட்டியிருக்கும் எங்கள் நகரில் நடந்தது இது. நகர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு தெரு, பாதி வீடு, பாதி காலி மனை, காலி மனைகளில் தண்ணீர், தண்ணீரில் தவளை. அவ்வளவுதான்.

நான் நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். நானும் அதே சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் இருக்கிறேன். ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் சொந்தமாக ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அதுவரை எனக்குத் தெரிந்த அரசாங்கம் ஒரே ஒரு போன் நம்பர்தான். குழாய் ஒழுகினாலும் அந்த நம்பர், தெருவிளக்கு எரியாவிட்டாலும் அந்த நம்பர், தோட்டத்தில் பாம்பு வந்தாலும் அதே நம்பர். ஆள் வருவார். வராவிட்டால் அவருக்கு மேலே இருக்கும் அதிகாரியிடம் சொல்வோம். வி.ஏ.ஓ., தாசில்தார், செயல் அலுவலர், கவுன்சிலர் எல்லாம் எனக்குச் செய்தித்தாளில் வருகிற சொற்கள். உள்ளாட்சித் தேர்தல் என்று ஒன்று டவுன்ஷிப்புக்குள் எங்களைத் தேடி வந்ததே இல்லை. சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் மைக் கட்டி ஓட்டுக் கேட்கும்போது, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பார்ப்பதுபோல வேடிக்கை பார்ப்போம்.

புது வீட்டுக்கு வந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வலது பக்கத்து வீடு ஒரு பாய் வீடு. மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அவருடைய மனைவி நல்ல கலகலப்பானவர், என் மனைவிக்குச் சிநேகிதி. அவர்களுடைய மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆபரேஷன் செய்து பிறந்த ஆண் குழந்தை. தையல்கூட முழுதாக ஆறவில்லை. சம்பவம் நடந்த அன்று பாயும் மனைவியும் ஒரு துக்க வீட்டுக்காக விடிவதற்கு முன்பே சேத்தியாத்தோப்புக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். வீட்டில் அந்தப் பெண்ணும் குழந்தையும் மட்டும்தான்.

நான் நைட் ஷிப்ட் முடிந்து வந்து, டீ டம்ளரோடு வாசலில் நின்றேன். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. என்ன என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. பாய் வீட்டுக்கு முன்னால், தெரு ஓரத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் உண்டு. நேற்றுவரை நேராக நின்ற அந்த மரம் இப்போது பாய் வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. வேர்ப்பக்கம் மண் பிளந்திருந்தது. ஒரு கிளை மின்கம்பியை இழுத்துக்கொண்டு இறங்கியிருக்க, கம்பி பாயின் இரும்புக் கேட்டின்மேல் படுத்துக்கொண்டு 'உர்ர்' என்று உறுமியது.

அந்த நேரம் பார்த்து அந்தப் பெண் தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு, குடையோடு வெளியே வந்தாள். கேட்டில் மாட்டியிருந்த பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுக்க வருகிறாள்.

ஷிப்டில் என்னை எல்லோரும் பெரிய பேச்சாளன் என்பார்கள். மேனேஜரையே பேச்சில் மடக்கியவன் என்று எனக்குப் பெயர் உண்டு. அப்பேர்ப்பட்ட வாயிலிருந்து அப்போது வந்தது என்ன தெரியுமா?

"ஏய்... ஏய்... பால்! பாலைத் தொடாத!"

அவள் நின்றாள். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"ஏன் மாமா, இது உங்க பாலா?"

"என் பால் இல்ல... பால்... கேட்டு... அது..."

பின்னாலிருந்து என் மனைவியின் குரல் தெருவையே பிளந்தது. "கேட்டுல கரண்டு பாயுதும்மா! உள்ள போ! ஷீட்டு போட்ட ரூமுக்குப் போகாத, அடுப்படிப் பக்கம் போய் நில்லு!"

அந்தப் பெண் அப்போதுதான் கம்பியைப் பார்த்தாள். கேட்டுக்கும் அவளுக்கும் நடுவே நாலடி இருந்திருக்கும். குடையைக் கீழே போட்டுவிட்டு, குழந்தையை இறுக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து உள்ளே போனாள். என் டம்ளரில் இருந்த டீ பூராவும் என் பேன்ட்டில் இருந்தது. சுட்டதுகூடத் தெரியவில்லை.

நிலைமை இதுதான். அந்த வீட்டுக்கு ஒரே வழி அந்த கேட். மற்ற மூன்று பக்கமும் ஆள் உயரச் சுவர். மரம் விழுந்தால் முதலில் போவது ஆஸ்பெஸ்டாஸ் போட்ட முன் அறை. தாயும் பிள்ளையும் இரவெல்லாம் படுத்திருந்த அறை அது. அதைத் தாண்டி எதுவரை விழும் என்று யாருக்குத் தெரியும்? என் மனைவி எங்கள் பக்கத்துச் சுவர் ஓரமாக ஸ்டூலைப் போட்டு ஏறி, குழந்தையைக் கொடு, நான் வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

"குழந்தைய குடுத்துட்டு நான் மட்டும் இங்க என்னா பண்ண அத்தே?" என்று அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அந்தத் தையலோடு அவளால் சுவர் ஏறவும் முடியாது.

"நீங்க யாருக்காவது போன் பண்ணுங்களேன்!" என்று மனைவி என்னைப் பார்த்துக் கத்தினாள்.

நான் தெருவுக்கு ஓடினேன். கை தானாக ஒரு நம்பரை அழுத்தியது. ஐம்பது வருடப் பழக்கம் எங்கே போகும்?

"சொல்லுங்க சார், எந்த பிளாக்?" என்றது டவுன்ஷிப் கம்ப்ளெயின்ட் குரல்.

"பிளாக் இல்லீங்க."

"என்ன டைப் குவார்ட்டர்ஸ்?"

"சொந்த டைப்புங்க."

அந்த மனிதர் பாவம், ரொம்பப் பொறுமையாக, டவுன்ஷிப்புக்கு வெளியே அவர்கள் வர முடியாது, உடனே மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார். இது எனக்குப் பிற்பாடுதான் ஞாபகம் வந்தது. அப்போது என் காதில் விழுந்தது 'முடியாது' மட்டும்தான். எங்கள் ஊர் வழக்கப்படி, கீழே இருப்பவர் முடியாது என்றால் மேலே போக வேண்டும். மேலே என்றால் யார்? கலெக்டர். இன்டர்நெட்டில் தேடி, கலெக்டர் ஆபீஸ் அவசரப் பிரிவையே பிடித்துவிட்டேன்.

"எந்தத் தாலுகாங்க?"

"நெய்வேலி."

"நெய்வேலியில எங்க?"

"நெய்வேலிக்கு வெளிய."

"வெளியன்னா? பேரூராட்சியா, கிராம ஊராட்சியா?"

எனக்கு எப்படித் தெரியும்? வீட்டு வரி கட்டுவதெல்லாம் மனைவி. "சார், நீங்க யாரையாவது அனுப்புங்க!" என்றேன்.

"அனுப்பறோம் சார். யாரை அனுப்பணும்னு தெரியணும்ல? மரம் வீட்டு மேல சாஞ்சிருக்கா, கம்பி அறுந்திருக்கா, ரோட்டை மறிச்சிருக்கா?"

"எல்லாம்தான் சார். யாராவது வாங்க!"

தெருப் பெயரை மட்டும் எப்படியோ வாங்கிக்கொண்டு, தாலுகா ஆபீசுக்கும் தீயணைப்புக்கும் சொல்கிறோம், அதற்குள் உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றார் அவர். சரி, கவுன்சிலர் யார்? எதிர் வீட்டில் ஒரு தையல்காரர் இருக்கிறார். கதவைத் தட்டினேன்.

"அண்ணே, நம்ம வார்டு கவுன்சிலர் நம்பர் இருக்கா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இருக்குது... ஆனா சார், நீங்க எதுக்கு நம்பர..."

"விளக்கமெல்லாம் அப்பால அண்ணே. நம்பரக் குடுங்க!"

அவர் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். கடைசி எண்ணை அழுத்தியதும் என் போன் திரையில் ஒரு பெயர் வந்து நின்றது. 'பக்கத்து வீட்டு பிரியாணி.' பெருநாள் அன்று பாயின் மனைவி டிபன் கேரியரில் அனுப்பிய பிரியாணியின் மரியாதைக்காக, அவருடைய நம்பரை நான் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தேன். போன் பிஸி.

"என்னண்ணே, ஆபத்து நேரத்துல தப்பான நம்பரக் குடுக்கறீங்களே! இது பாய் வூட்டு நம்பர்!" என்று அந்தத் தையல்காரரைக் கடிந்துகொண்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் சர்ரென்று வந்து நின்றது. மழைக்கோட்டோடு மின்வாரியத்து லைன்மேன்.

"சார், ஓரமா போங்க. டிரான்ஸ்பார்மர ஆப் பண்ணிட்டுத்தான் வந்துகினு இருக்கேன். கவுன்சிலரம்மா போன் பண்ணாங்க."

"எந்தக் கவுன்சிலரம்மா? நான் இன்னும் அவங்களோட பேசவே இல்லையே!"

அவர் கேட்டைக் காட்டினார். "இந்த வூட்டம்மாதான்."

தையல்காரர் இப்போதுதான் நிதானமாகச் சொன்னார். "அதத்தான் சார் சொல்ல வந்தேன். நீங்கதான் விளக்கம் வேணாம்னுட்டீங்க."

அப்போதுதான் என் மண்டையில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. தினம் காலையில் பாய் வீட்டு வாசலில் நாலைந்து பேர் நிற்பார்களே, ஏலச்சீட்டு நடத்துகிறார்கள் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். நான் குடிவந்த புதிதில் என் காம்பவுண்ட் சுவரிலிருந்து ஒரு தேர்தல் சுவரொட்டியைச் சுரண்டி எடுத்தேன். அதில் பாயின் படம் பெரிதாகவும் அவர் மனைவியின் படம் சின்னதாகவும் இருந்ததால், பாய் ஏதோ கட்சியில் இருக்கிறார் போல என்று விட்டுவிட்டேன். சின்னப் படத்தில் இருந்தவர்தான் வேட்பாளர் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

பிறகு தெரிந்தது. நான் தெருவில் நின்று மாவட்டத்தையே எழுப்பிக்கொண்டிருந்தபோது, என் மனைவி ஸ்டூலில் நின்றபடியே அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறாள். கவுன்சிலருக்கு என்று செய்யவில்லை. பெற்றவளுக்குத் தெரிய வேண்டும் என்று செய்திருக்கிறாள். அவர் சேத்தியாத்தோப்பிலிருந்து முதலில் மின்வாரியத்துக்கும், அடுத்துப் பேரூராட்சிக்கும், அதற்கடுத்து வி.ஏ.ஓ.வுக்கும் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். "உனக்குத்தான் தெரியும்ல, என்கிட்ட சொல்றதுக்கென்ன?" என்று மனைவியைக் கேட்டேன். "நீங்க யாரத் தேடறீங்கன்னு என்கிட்ட சொன்னீங்களா? கேட்ட திறந்துகினு ஓடனவருதான?" என்றாள்.

லைன்மேன் கேட்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்து, கம்பியைக் கழியால் ஒதுக்கி, கேட்டைத் திறந்தார். அந்தப் பெண் குழந்தையோடு மெதுவாக நடந்து வந்தாள். எங்கள் வீட்டுக்குள் வந்ததும் குழந்தை வீறிட்டு அழுதது. அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

உயிர் தப்பியது. மரம் இன்னும் அப்படியே இருந்தது. லைன்மேன், எங்களுக்குக் கம்பிதான், கம்பியில் படுகிற கிளையைக் கழிப்போம், மரத்தை வெட்ட முடியாது என்றார். அதற்குள் பேரூராட்சியிலிருந்து செயல் அலுவலர் நாலு ஆட்களோடு வந்தார். ஸ்கூட்டரில் வி.ஏ.ஓ. வந்தார், இளவயதுப் பெண். தீயணைப்பு வண்டியும் மணியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. கலெக்டர் ஆபீஸ்காரர் சொன்னதைச் செய்துவிட்டார்! தெரு நிறைய அரசாங்கம். எனக்கு உதறல் அடங்கி, அந்த இடத்தில் ஆர்வம் வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை பேரில் யார் எதற்கு? வி.ஏ.ஓ. பக்கத்தில் போய்க் குடை பிடித்தேன்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இந்த மரம் யாரோடது?"

"அதைத்தான் பார்க்கணும் சார். தெரு பேரூராட்சிக்குச் சேர்ந்தது. ஆனா இந்த ஓரம் புறம்போக்கா இருந்தா அது வருவாய்த்துறை. நான் இடத்தைப் பார்த்துத் தாசில்தாருக்கு எழுதணும்."

"அப்ப நீங்க வெட்ட மாட்டீங்க?"

"நான் வெட்டறவ இல்ல சார். எது யார் இடம், என்ன சேதம், அதைச் சொல்றவ."

"அவரு?"

"செயல் அலுவலர். குடிதண்ணி, குப்பை, தெருவிளக்கு, தெரு எல்லாம் அவர். அரசாங்கம் போடற ஆள்."

"அப்ப கவுன்சிலரு?"

"அவங்க நீங்க போடற ஆள்," என்று சிரித்தார். "அவர் வேலை செய்றாரான்னு கேட்கறதுக்கு."

எனக்கு மளமளவென்று புரிந்துவிட்டது. செயல் அலுவலர் என்றால் எங்கள் ஷிப்ட் இன்ஜினீயர். கவுன்சிலர் என்றால் நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்புகிற யூனியன் ஆள். வி.ஏ.ஓ. என்றால் சர்வே செக்‌ஷன், தாசில்தார் அதற்கு மேலே. கலெக்டர் என்றால் எல்லா டிபார்ட்மென்ட்டும் போய்ச் சேருகிற ஜி.எம். "நான் பெல்ட்டுல ஒரு ரோலர் சுத்தலைன்னு நேரா ஜி.எம்முக்குப் போன் பண்ணிருக்கேன் மேடம்" என்றேன். அவருக்கு அது புரியவில்லை. ஆனாலும் மரியாதைக்குத் தலையாட்டினார்.

அவர் இடத்தைப் பார்ப்பதா, செயல் அலுவலர் ஆட்களை ஏவுவதா என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது, பாயும் அவர் மனைவியும் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அந்த அம்மாள் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. வாசலிலிருந்தே "புள்ள நல்லா இருக்கா அக்கா?" என்று என் மனைவியைக் கேட்டார். மனைவி தலையை ஆட்டினாள். அது போதும் என்பதுபோல மரத்தடிக்கு வந்துவிட்டார்.

"மரம் யாருதுன்னு நாளைக்குப் பாத்துக்கலாம் சார். உசுருக்கு ஆபத்துன்னா இன்னைக்கி யாரு கை வெக்கலாம், அத மட்டும் சொல்லுங்க."

உயிருக்கு ஆபத்து என்றால் நாங்கள் எடுக்கலாம் என்றார் தீயணைப்பு அதிகாரி. நான் சேதத்தைக் குறித்துக்கொண்டு தாசில்தாரிடம் போனில் சொல்லிவிடுகிறேன் என்றார் வி.ஏ.ஓ. என் ஆட்கள் தெருவை மறிக்கட்டும் என்றார் செயல் அலுவலர். அவ்வளவு நேரம் தனித்தனியாக நின்ற குடைகள் ஒரே பக்கமாக நகர்ந்தன. பக்கத்து இரண்டு வீடுகளையும் காலி செய்ய வைத்தார்கள். என் மனைவி தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எதிரே தையல்காரர் வீட்டுக்குப் போனாள். "அண்ணே, நீங்களும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்களையும் நான்தான் பாத்துக்கணும்" என்று அந்த அம்மாள் என்னை விரட்டியதில் எல்லோரும் சிரித்தார்கள்.

கயிறு கட்ட ஏணியைச் சாய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. வெடி வெடித்ததுபோல ஒரு சத்தம். மரம் முழுதாக விழவில்லை. ஒரு பெரிய கிளை மட்டும் முறிந்து, ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் துளைத்துக்கொண்டு முன் அறைக்குள் இறங்கிவிட்டது. தூசியும் மழையும் ஒன்றாகக் கலந்து நின்றன. உடைந்த கூரை வழியாக, உள்ளே கட்டியிருந்த தூளி தெரிந்தது. தூளிச் சேலையின்மேல் கிளை கிடந்தது.

பிறகு கயிறு கட்டி, ரம்பம் போட்டு, மீதி மரத்தைத் துண்டு துண்டாக இறக்கி முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. அதுவரை அந்த அம்மாள் ஒருவர் விடாமல் டீ கொடுக்கச் சொன்னார், தெருவுக்குக் கரண்ட் எப்போது வரும் என்று கேட்டார், எதிர் மனையில் தேங்கிய தண்ணீரைப் பற்றிக்கூடச் செயல் அலுவலரிடம் ஞாபகப்படுத்தினார். எல்லா வண்டியும் கிளம்பிப் போன பிறகு, எங்கள் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தார். என் மனைவி அவர் கையில் ஒரு டம்ளர் காபியைக் கொடுத்தாள். அவரால் அதைப் பிடிக்க முடியவில்லை. என் மனைவி டம்ளரைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு, உள்ளேயிருந்து குழந்தையைத் தூக்கி வந்து அவர் மடியில் போட்டாள். அந்த அம்மாள் குழந்தையின்மேல் முகத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதார். பாய் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றுக்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு அந்தக் காபியைச் சூடுபண்ண உள்ளே எடுத்துக்கொண்டு போனேன்.

கூரைக்கு நிவாரணம் வந்தது. அந்த அறைக்குத் தளம் போட்டுவிட்டார்கள். அந்தப் பையன் இப்போது எங்கள் வீட்டு சோபாவைக் கிழித்துக்கொண்டிருக்கிறான். மரம் யாருடையது என்ற கேள்விக்கு மட்டும் எனக்கு இதுவரை பதில் கிடைக்கவில்லை. அவ்வப்போது வி.ஏ.ஓ.வைப் பார்க்கும்போது கேட்கிறேன். "மரமே இல்லையே சார்" என்கிறார்.

டவுன்ஷிப்பிலிருந்து எங்கள் நகருக்குப் புதிதாக யார் குடிவந்தாலும், பால் காய்ச்சுகிற அன்றே போய் உட்கார்ந்து யார் யார் என்ன வேலை என்று நான் பாடம் எடுத்துவிடுகிறேன். கம்பி என்றால் இவர், தண்ணீர் என்றால் அவர், இடம் என்றால் இன்னொருவர். "யாராவது வாங்க என்று மட்டும் கத்தாதீர்கள். நான் கத்திப் பார்த்துவிட்டேன். யாராவது என்று ஒரு ஆள் எந்த ஆபீசிலும் வேலை பார்க்கவில்லை" என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நம்பர் மனசில் நிற்கும்.

நான் அவர்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. யாருக்கு எந்த வேலை என்று தெரிந்துகொண்ட பிறகும், ஒரு நம்பரை அழுத்திவிட்டு அந்தப் பக்கம் "சொல்லுங்க சார்" என்ற குரல் வரும்போது, குரலை உயர்த்துவதற்கு முன்னால் ஒரு நொடி நின்றுவிடுகிறேன். என் புகாரைக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் அவர் வீட்டில் எந்த மரம் சாய்ந்துகொண்டிருக்கிறதோ, எனக்கு எப்படித் தெரியும்?